ஒரே ஒரு ‘ம்’

சலவைக்கூடத்தில் அவளுக்குத் தராசு அக்கா என்று பெயர். யார் பக்கமும் சாயமாட்டாள் என்று வைத்தது. வெளுக்க வந்த சட்டைப் பையில் மோதிரம் கிடந்தால், மேனேஜர் மேசையில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அந்தப் பெயரில் உள்ளூர அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்பேர்ப்பட்டவள்தான் அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு மகளோடு போன் பேசப் போனாள். மகளிடம் பேச ஆரம்பித்தால் உலகமே மறந்துபோகும். திரும்பி வந்தால் ஒரே புகை. துணி மடிக்கிற சுருட்டைமுடிக்காரி, ஓட்டலில் இருந்து வந்த, கருகிப்போன திரைச்சீலையை உதறிக்கொண்டிருந்தாள். மேனேஜர் வந்து பார்த்ததும் அந்தக் கோலத்தைத்தான்.

“நான் பெட்டியத் தொடவே இல்ல சார். வேணும்னா அக்காவக் கேளுங்க.”

மேனேஜர் திரும்பினார். “இவதானேக்கா பெட்டிய அப்படியே விட்டா?”

“ம்” என்றாள்.

வாயைத் திறக்கக்கூட இல்லை. சுருட்டைமுடிக்காரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தராசே சொன்ன பிறகு யாரிடம் போய் வாதாடுவது? அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வேலையை விட்டுப் போனாள்.

வீட்டில் தராசு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. “நான் ஆமான்னு சொல்லலைங்க. வெறும் ம்னுதான் சொன்னேன், கேட்டுக்கிட்டேன்னு” என்று புருஷனிடம் புலம்பினாள்.

“அப்ப இத்தனை வருஷமா எனக்கு நீ சொல்ற ம்முக்கு என்னடி அர்த்தம்?” என்றார் அவர். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்றைக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

விடிந்ததும் நேரே மேனேஜரிடம் போய் நின்றாள். “அவ இல்ல சார். நான்தான் மறந்து வச்சிட்டுப் போனேன். அவளத் திரும்பக் கூப்பிடுங்க.”

மேனேஜர் சிரித்தார். “உங்களத் தெரியாதாக்கா எனக்கு? அவ பிழைப்பு போயிடுச்சேன்னு பழிய உங்க தலையில போட்டுக்கறீங்க. அப்படித்தானே?”

இல்லை என்று அடித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சுருட்டைமுடிக்காரியின் வேலை அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. ஆனால் அவர் கண்ணில் தெரிந்த மரியாதையைப் பார்த்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“ம்” என்றாள்.