கட்டைவிரல் பாசனம்

முப்பது வருஷம் நிர்வாகம், தலைமைப் பண்பு என்று ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுத்துப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்று நன்னிலம் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பிய மறு மாதமே வாய்க்கால் பாசன சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கினார்கள். "சும்மாதானே சார் இருக்கீங்க" என்பதுதான் என் தகுதி. நான் அதை என் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று எடுத்துக்கொண்டேன். புத்தி அப்படி.

முதல் வேலையாகச் சங்கத்தின் தொலைநோக்கை எழுதி ஃபிளெக்ஸ் அடித்து மாட்டினேன். இரண்டே நாளில் யாரோ அதைக் கழற்றி நெல் மூட்டைக்குப் போர்த்திவிட்டார்கள். அடுத்து வாட்ஸ்அப் குரூப். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷம் அது. முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் எங்களுக்கு மூன்று நாள், கடைமடைக்கு மூன்று நாள். கடைமடை முறை வந்ததும் தலைப்புக்காரர்கள் அவரவர் வாமடையை, அதாவது வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாயை, மண்ணைப் போட்டு அடைத்துவிட வேண்டும். "நாளைக் காலை ஆறு மணிக்கு அனைவரும் அடைக்கவும்" என்று போட்டேன். ஐந்து நிமிஷத்தில் குரூப் முழுக்கக் கட்டைவிரல். அடடா, இதைத்தானே வகுப்பில் தொண்டை கிழியக் கத்தினேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு. நடவடிக்கைக் குறிப்பில் 'முழுமையாக அமல்' என்று எழுதி வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை கடைமடையிலிருந்து ஓர் அம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கணவர் குவைத்தில், இங்கே மூன்று மா நிலத்தையும், அதாவது ஒரு ஏக்கரையும், இவர்தான் தனியாகப் பார்க்கிறார். நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது, இன்றைக்கும் தண்ணீர் வராவிட்டால் நாற்று ஆட்டுக்குத்தான் என்றார். அப்படி இருக்கவே இருக்காது என்று செல்போனை நீட்டினேன். அத்தனை விரல்களையும் பொறுமையாகப் பார்த்தார்.

"இந்த விரலு வாமடையை அடைக்குமா சார்?"

ஸ்கூட்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து வாய்க்கால் கரையோடு போனேன். ஒரு வாமடைகூட அடைபடவில்லை. முதலில் அகப்பட்டவரைப் பிடித்துக் காய்ச்சினேன். அவர் அசரவே இல்லை. பார்த்தேன் என்பதற்குத்தான் விரல் போட்டேன், அடைத்தேன் என்று எங்கே சொன்னேன் என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அடுத்த வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது. இது எந்த மடப்பயல் வயல் என்று கத்தினேன்.

அந்த அம்மா வண்டியை நிறுத்தினார். "உங்களுதுதாங்க சார்."

ஆள் வைத்துச் செய்கிற நிலம். வாய்க்கால் பக்கமிருந்து நான் அதைப் பார்த்ததே கிடையாது. குரூப்பில் என் செய்திக்கு நானே ஒரு கட்டைவிரல் வேறு போட்டிருந்தேன். மானம் போயிற்று. அவர் இறங்கிக் கையாலேயே மண்ணை அள்ளினார். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

அன்று மாலையே கூட்டம். துணைக் குழு, கண்காணிப்புக் குழு என்று ஆரம்பித்தேன், பழக்கதோஷம். அந்த அம்மா எழுந்தார்.

"அடைக்கிற வேலைய எங்ககிட்ட விட்டுடுங்க. கடைமடைக்காரங்க நாங்களே வந்து அடைச்சிக்கிறோம். எங்க வயல் நனைஞ்சதும் நாங்களே தொறந்து விடுறோம்."

அடுத்தவன் வாமடையில் கை வைத்தால் வெட்டுக்குத்து வரைக்கும் போகிற ஊர் இது. தலைப்புக்காரர்கள் முணுமுணுத்தார்கள். உள்ளதைச் சொன்னால் எனக்கும் வயிறு எரிந்தது. அப்புறம் நான் எதற்குத் தலைவர்? ஆனாலும் காலையில் பட்டது போதும் என்று, முதல் ஆளாக என் வாமடையை எழுதிக் கொடுத்தேன். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு முறை பிசகவே இல்லை. நான் எடுத்த எந்த வகுப்பிலும் இது வந்ததில்லை.

ஆனால் அவருடைய நாற்றங்காலில் ஒரு பகுதி அதற்குள் கருகிவிட்டது. மூன்று மாவில் இரண்டுக்குத்தான் நாற்று தேறியது. எனக்கு நட்டது போக மிச்சம் இருந்தது. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய் அவர் வயலோரம் நின்றேன். நாற்றுக்கட்டு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் சார். தண்ணியிலயே நின்ன நாத்து இது. எங்க வயல்ல நிக்காது."

அந்த ஒரு மா தரிசாகவே கிடந்தது. அறுவடை வரைக்கும் எங்கே போனாலும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டுதான் போனேன்.