கட்டிலில் காலாட்டாத காலம்

போன வருடம் முருங்கைக்காய் பறிக்கக் கதிரையில் ஏறினேன். கதிரை ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் போனதில் முழங்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். வீட்டுக்கு விடும் நாளில், உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் கட்டிலடிக்கு வந்து எனக்கு வேலை தந்தார். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலுக்குக் கீழே சுருட்டி வைத்த துவாயை அமத்துவது, குதிக்காலை மெத்தையோடு இழுத்து முழங்காலை மெல்ல மடிப்பது.

"எல்லாம் படுத்தபடியே செய்யலாம் ஐயா. கொஞ்சம் நோகும், பயப்பிடாதையுங்கோ. செய்யாமல் விட்டால் முழங்கால் இறுகிப்போம்."

"பயமோ, எனக்கோ?" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். ஊசிக்கு நான் போட்ட கூச்சலைக் கேட்டவர் அவர்.

அந்த முழங்கால் மடிந்தே ஆகவேண்டும். கனடாவிலிருந்து அக்கா நயினாதீவு அம்மன் தேருக்கு வருவதாக இருந்தார். நான் தெற்கிலங்கையில் கடையோடும் அவர் வெளிநாட்டுக் குளிரோடும் கிடந்ததில், சின்ன வயதுக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து தேர் பார்த்ததில்லை. தீவுக்குப் போகும் குறிகாட்டுவான் துறையில் முழங்காலை மடித்துக் குனியாமல் வள்ளத்துக்குள் இறங்க முடியாது.

சுருவில் கிராமத்து வீட்டில் முதல் நாள் குதிக்காலை இழுத்தேன். 'டக்' என்றது. நான் போட்ட சத்தத்தில் மனைவி அகப்பையோடு குசினியிலிருந்து ஓடிவந்தார்.

"தகடு கழண்டிட்டுது. வாகனம் பிடியும்."

அவர் குனிந்து கட்டிலைப் பிடித்து ஆட்டினார். மறுபடியும் 'டக்'.

"கட்டில் சட்டம். கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து கத்துது. இண்டைக்குத்தான் உங்களுக்குக் கேட்டதோ?"

சிரித்தேன். ஆனால் பயம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளையாக, அப்படித்தான் அன்று நினைத்தேன், பாணும் தோடம்பழமுமாக அயல்வீட்டு மாமி வந்தார். நான் பாதத்தை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, கட்டிலிலை கிடந்து காலாட்டாதை. வீட்டுக்கு ஆகாது."

சாத்திரங்களைப் பகிடி பண்ணியே தலை நரைத்தவன் நான். அன்று அந்தச் சொல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வருத்தம் பார்க்க ஊரே வந்துபோனது. வந்தவர்கள் முகத்துக்கு நேரே காலை ஆட்டுவது மரியாதையா? ஆட்கள் இருந்தால் மரியாதை, இல்லாவிட்டால் மாமி. கால் மரக்கட்டையாகக் கிடந்தது.

"இண்டைக்குச் செய்தனீங்களோ?" என்று மனைவி கேட்பார்.

"மாமி வேண்டாமெண்டவ."

"மாமியோ உங்களுக்குத் தகடு வைச்சவ?"

அக்கா வந்தார். தேரன்று நான் ஊன்றுகோலோடு துறை வரைக்கும் போனேன். வள்ளத்துக்காரர் கீழே நின்று கை நீட்டினார். "அண்ணை, காலைக் கொஞ்சம் மடிச்சு இறங்குங்கோ."

மடியவில்லை. பின்னால் சனம் நெருக்கியது. திரும்பவும் முயன்றேன். கால் வாசற்படிக்குக் குறுக்கே வைத்த பலகைபோல நின்றது.

"ஏலாது" என்றேன்.

அக்கா வள்ளத்துக்குள்ளே இருந்து நிமிர்ந்து பார்த்தார். "நானும் கரைக்கு ஏறட்டோடா?"

"விசரே? போங்கோ. நான் இஞ்சை நிண்டு வள்ளங்களை எண்ணிறன்."

அவர் சிரிக்கவில்லை. வள்ளம் போனது. கச்சான் கடலைக் கடை நிழலில் பின்னேரம்வரை இருந்தேன். திரும்பி வந்ததும் அக்கா என் நெற்றியில் திருநீறு பூசி, கையில் மிஞ்சியதை முழங்காலில் தடவினார். "எனக்குப் பக்கத்திலை உனக்கெண்டு இடம் பிடிச்சு வைச்சனான். ஒரு கிழவி வந்து இருந்திட்டா" என்றார்.

இப்போது தினமும் காலையில் கட்டில் சட்டம் கத்தக் கத்தக் குதிக்காலை இழுக்கிறேன். முழங்கால் மெல்ல மடிகிறது. மாமி வந்தாலும் நிறுத்துவதில்லை. அக்காவுக்கு நெஞ்சு வருத்தம். இனி விமானப் பயணம் வேண்டாம் என்று அவருடைய டொக்டர் சொல்லிவிட்டார்.

நேற்றும் தொலைபேசியில் கேட்டார். "இப்ப மடியுதோடா?"

"ஓம் அக்கா, வள்ளத்துக்குள்ளை இறங்கிற அளவுக்கு மடியுது."

"நல்லது" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டுக் குதிக்காலை இன்னொரு தரம் இழுத்தேன்.