கறை ஒட்டாத சட்டைகள்

கடைவீதியின் வளைவில் இருந்த சலவைக்கடைக்காரிக்கு ஊரார் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அப்பெயருக்கு அவள் முழுத் தகுதி உடையவள். ஒரு சட்டையை மேசைமேல் விரித்தால் போதும். அதற்குரியவர் எங்கே சாய்ந்தார், எதைத் தின்றார், எதை மறைக்கிறார் என்று புட்டுப்புட்டு வைப்பாள். மணம் பேச வந்த மூவரை அவள் திருப்பி அனுப்பியதும் அந்தக் கண்ணால்தான். ஒருவருடைய கைக்குட்டையில் புகையிலைக் கறை. மற்றவருடைய சட்டைப் பொத்தானைத் தைத்த நேர்த்தி வேறொரு பெண்ணுடையது. மூன்றாமவரிடம் குற்றமே தென்படவில்லை, ஆகவே அவர்மேல்தான் ஐயம் அதிகம்.

இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் கையில் ஒரு துணிகூடக் கருகியதில்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டால், கூரையே இடிந்தாலும் துணியைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள்.

அத்தகையவளிடம் ஒருவர் வாரந்தோறும் ஆறு வெள்ளைச் சட்டைகளைக் கொண்டுவரத் தொடங்கினார். வீடுகளுக்கு வர்ணம் பூசுவது தம் தொழில் என்றார். அவர் போனதும் அவள் சட்டைகளை விரித்தாள். வர்ணத்துளி இல்லை, கழுத்துப்பட்டையில் அழுக்கில்லை, வியர்வையின் சுவடே இல்லை.

“பெயின்ட் அடிக்கிறவராம், அண்ணி! சட்டையில ஒரு பொட்டுக் கறை இல்ல. இந்த ஆளு வேற ஏதோ பண்றாரு.”

“எந்த ஆளு?” என்றாள் கல்லாவில் இருந்த அண்ணி.

“இப்பத்தானே உங்ககிட்ட பேசிட்டுப் போனாரு!”

“போடி. காலையிலேர்ந்து ஒரு ஈ காக்காகூட வரல.”

அண்ணியும் உடந்தையோ என்று அன்று முழுவதும் அவளையும் ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு, அழியாத மையால் கழுத்துப்பட்டையின் உட்புறம் கடைக்குறியை எழுதினாள். அடுத்த வாரம் குறி இல்லை. வேறு மையால் எழுதினாள்; அதுவும் இல்லை. நான்காம் வாரம் அவரை வழிமறித்தாள்.

“அழுக்கே ஆகாத சட்டைய எதுக்குச் சலவைக்குக் கொண்டுவர்றீங்க? உண்மையச் சொல்லுங்க.”

“இந்த ஊர்ல என்னை ஞாபகம் வச்சுக் கேள்வி கேக்குறது நீங்க ஒருத்தர்தான். அதுக்குத்தான் வர்றேன்.”

அவர் சொன்ன கதை இது. அவர் பிறந்த அன்று, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்த மந்திரக்காரி ஒருத்தி, ‘இவன்மேல் எந்தக் கறையும் ஒட்டாது’ என்று வரம் கொடுத்தாளாம். கறை ஒட்டவில்லை, யார் நினைவும் ஒட்டவில்லை. பெற்ற தாயே, ‘யாரப்பா நீ?’ என்று கேட்டபோதும் கண்ணில் நீர் ஒட்டவில்லை.

“சந்தேகப்படுறவரைக்கும் நீங்க மறக்கமாட்டீங்க. நம்பிட்டா மறந்துடுவீங்க.”

“இதுக்கு விமோசனம் கிடையாதாக்கும்?”

“இருக்கு. தன்னை மறந்து ஒருத்தர் என்னைப் பார்க்கணுமாம். நீங்கதான் சட்டையவிட்டு நிமிரவே மாட்டேங்கிறீங்களே!”

“ஓ, நிமிர வைக்க இப்படியொரு வழியா? வேற ஆளப் பாருங்க.”

ஆனால் அவர் வேறு ஆளைப் பார்க்கவில்லை. வாரந்தோறும் வந்தார். அவளும் வாரந்தோறும் குறுக்கு விசாரணை செய்தாள். எந்த வீட்டுச் சுவர்? என்ன நிறம்? அவர் குறிப்பிட்ட வீடுகளுக்கு அவளே நடந்துபோய்ப் பார்த்தாள். சொன்ன நிறமே இருந்தது. பூசியவர் யார் என்பதுதான் எவருக்கும் தெரியவில்லை. சட்டைகளை வாங்க அவர் வரும் நாளில் அவள் தலையை இருமுறை வாரிக்கொள்வதை அண்ணி கவனித்தாள்.

“யாருக்காகடி இத்தனை சிங்காரம்?”

“சொன்னா மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருக்கப்போகுதா?”

இவர் பொய் சொல்பவரல்லர் என்று ஒரு நாள் காலையில் அவள் மனம் ஒப்புக்கொண்டது. அன்று நண்பகல், மேசைமேல் இருந்த ஆறு சட்டைகளும் யாருடையவை என்று அவளுக்கு விளங்கவில்லை. ஐந்தைத் தேய்த்து மடித்து, ஆறாவதன்மேல் பெட்டியை வைத்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார்.

“நீங்க யாரு? என்ன வேணும்?” என்றாள் தலை நிமிராமலே.

வாசலிலிருந்து ஒரு விம்மல் வந்தது. அந்த விம்மலில் ஏதோ குறைகிறது என்று அவளுடைய பழைய புத்தி விழித்துக்கொண்டது. நிமிர்ந்தாள். சிவந்த கண்கள், துடிக்கும் உதடு. கன்னத்தில் மட்டும் ஈரமில்லை. இந்த மனிதர் ஏன் இப்படி வறண்டு அழுகிறார்? பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். மறந்தவையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பின. கை எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை.

“ஐயோ, என்னடி தீயுது!” என்று அண்ணி கல்லாவிலிருந்து ஓடிவந்தாள்.

சலவைக்கடைக்காரி சட்டென்று பெட்டியைத் தூக்கினாள். சட்டையின் முதுகில் பழுப்பு நிறத்தில் பெட்டியின் முழு அச்சு. இருபத்திரண்டு ஆண்டுப் பெயர் போயிற்றே என்று அவள் தலையில் கைவைத்தாள். அவரோ அந்தக் கறையை விரலால் தேய்த்தார், போகவில்லை. நகத்தால் சுரண்டினார், போகவில்லை. அதன்மேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து பரவியது.

“அழாதீங்க சார், புதுச் சட்டை வாங்கித் தந்துடுறோம்,” என்றாள் அண்ணி. “போன வாரமும் நீங்கதானே வந்தீங்க?”

அவர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

திருமணம் முடிந்து ஓராண்டாகிறது. அவருடைய சட்டைகள் இப்போது ஊரிலேயே அழுக்கானவை. அவள் ஒவ்வொன்றையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.

“நீலம் அடிக்கப் போறேன்னுதானே சொன்னீங்க? இந்தப் பச்சை எங்கேர்ந்து வந்துச்சு?”

இன்னொரு முறை கேட்கமாட்டாளா என்று, அவர் காதில் விழாததுபோல் நிற்கிறார்.