மருமகனின் இருமலுக்கு நான் கொடுத்த மருந்து

என் மகள் ஒரு சைக்கிள் ஓட்டக்காரரைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "அது சரி, வேலை என்ன செய்யிறார்?" என்பது. அதுதான் வேலை என்றாள். இந்த டென்மார்க்கில் தபால்காரரிலிருந்து பல் வைத்தியர் வரை எல்லாரும்தான் சைக்கிள் ஓடுகிறார்கள், இவருக்கு மட்டும் யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று விடாமல் கேட்டேன். அவள் வழக்கம்போல டெனிஷில் ஏதோ சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை பெல்ஜியத்துக்காரர். பத்து வருடமாகத் தொழில்முறைப் பந்தயங்களில் ஓடியும் ஒன்றிலும் முதலாவதாக வந்ததில்லை என்று அறிந்ததும் எனக்கு இன்னும் கோபம் ஏறியது. வெல்வது அவருடைய வேலை இல்லையாம். அணித் தலைவருக்கு முன்னால் ஓடி எதிர்க்காற்றைத் தான் வாங்கிக்கொள்வது, பின்னால் வரும் அணிக் காரிடம் போய்த் தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்ப முன்னுக்கு வந்து கொடுப்பது, இவைதான் அவர் வேலை. "தண்ணி காவுறவரைத்தான் பிடிச்சிருக்கிறாள்" என்று ஹ்விடோவ்ரேயில் இருக்கும் என் தங்கைக்கு ரெலிபோனில் சொல்லிப் புலம்பினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நல்ல மழை. இரண்டு மணித்தியாலம் அவரே முன்னுக்கு நின்று ஓடினார். தலைவர் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தார். மலை தொடங்கியதும் இவர் ஒதுங்கி வழி விட்டார். அதற்குப் பிறகு கமரா அவரைக் காட்டவே இல்லை. தலைவர் வென்றார், பூச்செண்டு வாங்கினார். "எங்கடை ஆளை ஒருக்கால் காட்டுங்கோவன்" என்று தொலைக்காட்சியோடு சண்டை பிடித்தேன். அன்றிலிருந்து அவர் எங்கள் ஆளாகிவிட்டார்.

சில்க்போர்க்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தால் சோற்றைத் தராசில் வைத்து நிறுத்துத்தான் சாப்பிடுவார். "பவுண் நிறுக்கிற மாதிரியெல்லோ நிறுக்கிறியள் தம்பி" என்று பகிடி பண்ணுவேன். கடையில் வாங்கிய இருமல் இனிப்பைக்கூடச் சும்மா வாயில் போடமாட்டார். பெட்டியைப் படம் பிடித்து அணி வைத்தியருக்கு அனுப்பி, பதில் வந்த பிறகுதான் உடைப்பார். ஆனால் நான் சமைத்ததில் என்ன போட்டேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "மாமி" என்று வாய் நிறையக் கூப்பிட்டு, வைத்ததைச் சாப்பிடுவார்.

அவருக்கு முப்பத்துமூன்று வயதானபோது ஒப்பந்தம் முடியும் வருடம் வந்தது. ஆவணி மாதம் டென்மார்க்கில் நடக்கும் பந்தயத்தில் எப்படி ஓடுகிறார் என்று பார்த்துவிட்டே இன்னொரு வருடம் தருவோம் என்று அணி சொல்லியிருந்தது. அந்த இன்னொரு வருடம் அவருக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது. பந்தயம் ஒருவருடைய சொந்த ஊருக்குள்ளால் போனால், மற்றவர்கள் வேகத்தைக் குறைத்து அவரைக் கொஞ்சம் முன்னுக்குப் போக விடுவார்களாம். அவர் சைக்கிளால் இறங்கித் தாய் தகப்பனைக் கொஞ்சிவிட்டு, மற்றவர்கள் வந்ததும் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். எங்கும் எழுதிவைக்காத வழக்கம் அது. இத்தனை வருடத்தில் ஒருமுறையும் அவருடைய ஊருக்குள்ளால் பந்தயம் போகவில்லை. அடுத்த வருடம் போகப்போவதாக அறிவித்திருந்தார்கள். அவருடைய தாய் சக்கர நாற்காலியில் இருந்தார். வீதி ஓரத்துக்கு அவரைக் கொண்டுவருவது என்று ஏற்பாடுகூடச் செய்துவிட்டார்கள்.

ஆவணிப் பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு அவர் என் வீட்டுக்கு வந்தார். நெஞ்சைப் பிளக்கும் இருமல். அணி வைத்தியர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தாராம். வேறொன்றும் கொடுக்கவில்லை.

என் குளியலறை அலுமாரியில் கொழும்பில் வாங்கிவந்த இருமல் பாணி மருந்து இருந்தது. இங்கே எந்தத் தமிழ் வீட்டில் அது இல்லை? ஊருக்குப் போய்வரும் ஒவ்வொருவரும் மிளகாய்த்தூளோடு ஒரு போத்தலையும் துணிக்குள் சுற்றிக் கொண்டுவருகிறோம். இங்குள்ள வைத்தியரிடம் போனால், தண்ணீர் குடியுங்கள், ஒரு கிழமையில் மாறாவிட்டால் வாருங்கள் என்பார். என் மகள் அந்தப் பாணியில்தான் வளர்ந்தாள்.

இதையும் சொல்ல வேண்டும். நான் முதியோர் இல்லத்தில் மருந்து கொடுக்கும் பொறுப்பில் இருப்பவள். ஒவ்வொரு குளிசைக்கும் பெயர் பார்த்து, நேரம் பார்த்து, கையெழுத்து வைப்பவள். ஒருவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்கக்கூடாது என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளும் நானே. அன்று பின்னேரம் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்து, பனங்கட்டி போட்டு, அதற்குள் இரண்டு தேக்கரண்டி பாணியையும் ஊற்றினேன். சொன்னால் படம் பிடித்து அனுப்புவார், வைத்தியர் வேண்டாம் என்பார். அதனால் சொல்லவில்லை.

"குடியுங்கோ தம்பி, இருமலுக்கு ஊர்க் குடிநீர்."

இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தார். "நல்லம் மாமி" என்றார். அது மகள் பழக்கிய சொல்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்குக் கதவு மணி அடித்தது. ஒரு பெண்ணும் ஒரு ஆணும் பையோடு நின்றார்கள். ஓட்டக்காரர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று ஊக்கமருந்துச் சோதனைக்காரருக்கு ஒவ்வொரு நாளும் அறிவித்து வைக்கவேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து சிறுநீர் எடுத்துச் சோதிப்பார்கள். அவர் எழும்பி வந்தார். இருமல் நன்றாகத் தணிந்திருந்தது. என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். நானும் பெருமையோடு வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினேன். வேண்டாம் என்ற பெண்ணுக்கு வற்புறுத்தி வடை கொடுத்தேன்.

பந்தயத்தில் அவர் நன்றாக ஓடினார். ஒப்பந்தம் எழுதலாம் என்று அணி சொன்னது. ஐந்து கிழமை கழித்துக் கடிதம் வந்தது. தடை செய்த மருந்து ஒன்று அவருடைய சிறுநீரில் இருந்ததாம். மகள் ரெலிபோனில் அதன் பெயரை அழுதபடி சொன்னாள். நான் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்ப் பாணிப் போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன எழுத்தில் நாலாவது வரியில் அதே பெயர் இருந்தது. மருந்தின் பெயர் வாசிப்பது என் தொழில். அந்தப் போத்தலை நான் ஒருநாளும் வாசித்ததில்லை.

சனிக்கிழமை மகளும் மருமகனும் வந்தார்கள். சோதனைக்கு முந்திய நாட்களில் வாயில் வைத்த எல்லாவற்றையும் அவர் பட்டியலாக எழுதியிருந்தார். பற்பசை, வாழைப்பழம், உதட்டுக்குப் பூசும் களிம்பு, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி. என் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. நான் போத்தலை மேசையில் வைத்தேன்.

என்னோடு சண்டை பிடிக்கவும் டெனிஷ் பேசுகிற மகள், அன்று தமிழில் கேட்டாள். "ஏனம்மா அவரைக் கேக்கேல்லை? ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

அவர் போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர்கள் பிடித்த வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். மருமகனுக்குத் தெரியாமல் நான்தான் கலந்தேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் தண்டனை நன்றாகக் குறையலாம். எழுதுகிறேன் என்றேன். இரண்டு நாள் காகிதத்தோடு இருந்தேன். என் வேலை என்னவென்றும் அதில் எழுதவேண்டும். மருந்தை ஒளித்துக் கொடுத்தவள் என்று வேலையிடத்துக்குத் தெரிந்தால் என் அனுமதிப் பத்திரம் போய்விடும். கை ஓடவில்லை. மருமகனுக்கு ரெலிபோன் எடுத்துப் பயமாக இருக்கிறது என்றேன்.

அவர் தன் மெதுவான டெனிஷில், "பரவாயில்லை மாமி. அலுமாரியிலிருந்து நானே எடுத்துக் குடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன்" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். நன்றி என்று சொன்னேன்.

இரண்டு வருடத் தடை. அணி ஒப்பந்தத்தைக் கைவிட்டது. முப்பத்தைந்து வயதில், தடை பெற்ற தண்ணீர் காவுகிறவரை யார் எடுப்பார்கள்? அவருடைய ஊருக்குள்ளால் பந்தயம் போன நாளில் அவர் இங்கே ஓகூஸ் நகரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றார். தாயை வீட்டை விட்டு வெளியே கொண்டுவரவில்லை. அன்று மகள் என்னிடம் சொன்னாள்: "காத்துக்கு முன்னாலை நிக்கிறதுதானே அவரின்ரை வேலை. நீங்களும் பின்னாலை ஒளிச்சிட்டியள்."

நான் இன்னும் அதே இல்லத்தில்தான் வேலை செய்கிறேன். புதியவர்களுக்கு அதே பாடத்தை இன்றும் சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லும்போது அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதில்லை.

போன மாதம் பேரப்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். ஒன்றரை வயது. பயத்தங்கஞ்சி காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுபோய், பிள்ளையை மடியில் வைத்திருந்த அவரிடம் கொடுத்தேன். அவர் கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இதற்குள் என்ன இருக்கிறது, மாமி?"

அரிசி, பயறு, உப்பு, கொஞ்சம் நெய் என்றேன்.

"வேறு?"

"வேறொண்டும் இல்லைத் தம்பி."

அவருடைய முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கிண்ணத்தை மேசையில் மெதுவாக வைத்துவிட்டுப் பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டைப் பிள்ளைக்கு ஊட்டத் தொடங்கினார். நான் கஞ்சியை எடுத்து, அவருக்கு முன்னாலேயே நின்று, ஒரு கரண்டி மிச்சம் விடாமல் குடித்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.