கடலுக்குப் பாத்தி கட்டியவன்

பிரசவத்துக்குத் தூத்துக்குடி போன என் மனைவி, குழந்தை குப்புற விழ ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை. "உங்க வீட்டுல எங்க திரும்புனாலும் சுவரு இடிக்கி, வெளிய வந்தா தென்ன இடிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனவள். எஸ்.டி.டி. பூத்தில் நான் கெஞ்சியதில் கடைசியாக இறங்கி வந்தாள்: "வாறேன். இருந்து பாக்கேன்."

அந்தப் 'பாக்கேன்'தான் பயமுறுத்தியது. பயந்தவன் சாமி கும்பிடுவான். நான் டிஸ்டெம்பர் வாங்கினேன். எங்கள் தொண்டாமுத்தூர் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் கடலை வரைந்துவிட்டால் அவள் தங்கிவிடுவாள் என்று கணக்கு. கடலை நான் பார்த்ததே கல்யாணத்தன்றுதான். அன்றும் பயத்தில் இருந்தேன்.

அலை, படகு, பறவை, கீற்றுக் கீற்றாகத் தென்னை என்று ஒன்றையும் விடவில்லை. அவள் வருவதற்கு முந்தின நாள், அத்தை மகன் எட்டிப் பார்த்தான்.

"ஏனுங் மாப்ளே, கடலோரத் தென்னைக்கு வட்டப்பாத்தி கட்டியிருக்கறீங்க! தண்ணி எப்பங்க உடுவீங்க?"

பார்த்தேன். மரங்கள் எங்கள் தோப்பில் நிற்பதுபோலவே கயிறு பிடித்த வரிசையில் நின்றன. அலைகள் உழுத சால்களாக இருந்தன. போச்சு! எந்தத் தோப்பைப் பார்த்து அவளுக்கு மூச்சு முட்டியதோ, அதையே படுக்கையறைக்குள்ளும் கொண்டுவந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் அழித்தேன். மேலே வெளிர்நீலம், நடுவில் கருநீலம், கீழே மணல். மூன்றே பட்டை. அடிப்பூச்சு காயாமல் பிரஷ்ஷை வைத்தால் அதுவும் கரைந்து சேறாகிறது. வெளியே மழை. கடலுக்கு டேபிள் ஃபேன் வைத்துவிட்டு, தொட்டுத் தொட்டுப் பார்த்து, தொட்ட இடத்தையெல்லாம் திரும்பப் பூசினேன். கருநீலத்தின் மேல் கொஞ்சம் பச்சை, அதன் மேல் ஒரு வெள்ளைக் கோடு. எவ்வளவு பூசியும் ஒரு பாத்தி மட்டும் மணலுக்குள்ளிருந்து வட்டமாகத் தெரிந்தது.

காலையில் குழந்தையோடு வந்தவள், பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே சுவரைப் பார்த்தாள்.

"இதென்ன வட்டம்? நண்டு வளையா?"

"ஆமாங்க" என்றேன். பயத்தில், கட்டிய மனைவிக்கே 'ங்க' போட்டேன்.

அவள் கடலில் விரல் வைத்தாள். விரல் நீலமாயிற்று.

"உங்க ஊருக் கடலு சாயம் போவுதே!"

விரலை என் சட்டையில் துடைத்தாள். பிறகு பையை இறக்கி, குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். பை காலியாகும்வரை அங்கேயே நின்றேன்.