ஜிம்மி விழுங்கிய மாங்கொட்டை

மற்றவர்கள் இங்கே சாட்சி சொல்ல எழுந்து நின்றால், வியாதி நீங்கியது, வேலை கிடைத்தது என்று சொல்வார்கள். நான் ஒரு நாயின் வயிற்றைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அந்த நாயைப் பொறுத்துக்கொண்ட அளவுக்கு வேண்டாம்.

என் கணவர் செல்வராஜை உங்களுக்குத் தெரியும். பஸ் டிரைவராக இருந்தவர். சர்க்கரை நோயால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சபைக்கு வருவதை நிறுத்தினார். ஜெபத்தை நிறுத்தினார். செயற்கைக் காலை வாங்கி வந்து வைத்தோம், உறையைக்கூடப் பிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் பேசினால் பதில் வராது. ஜிம்மி வந்து கையை நக்கினால் மட்டும் பேசுவார்.

ஜிம்மி எங்கள் வேங்கிக்கால் வீட்டில் தானாக வந்து சேர்ந்த நாய். கன்றுக்குட்டி போல உடம்பு, அறிவு கொஞ்சமும் கிடையாது. துணி சோப்பைத் தின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சாக்ஸைத் தின்றது. கருங்கல்லைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டது. ஆபீஸிலிருந்து களைத்து வந்தால், இன்று எதைத் தின்றதோ என்றுதான் கதவைத் திறப்பேன்.

போன சித்திரா பௌர்ணமிக்கு முந்தின நாள் அது வாந்தி எடுக்க ஆரம்பித்தது. மறுநாள், பௌர்ணமி காலையில் மஞ்சளாக வெறும் தண்ணீர் வந்தது. வயிறு கல்லாக இருந்தது. அக்கம்பக்கத்தில் ஒருத்தி சீரகத் தண்ணீர் கொடு என்றாள். இன்னொருத்தி விளக்கெண்ணெய் என்றாள். எதிர் வீட்டுக்காரர் திருஷ்டி கழிக்கச் சொன்னார். இந்த நாயைப் பார்த்து யார் கண் வைப்பார்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

அப்போதுதான் கணவர் வாயைத் திறந்தார்.

"மாம்பழம் சாப்பிட்டேன் இல்ல, கொட்டையை அதுக்குப் போட்டேன். சப்பிட்டுப் போட்டுடும்னு நெனச்சேன். முழுங்கிடுச்சு."

"இதை நேத்தே சொல்லக் கூடாதா?"

"நீ திட்டுவேனு சொல்லல."

திட்டினேன். அவரையும் நாயையும் சேர்த்தே திட்டினேன்.

போன் போட்ட இடத்திலெல்லாம் பௌர்ணமிக்கு லீவு. கடைசியில் அடி அண்ணாமலைப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டரம்மா எடுத்தார். "உடனே கூட்டிட்டு வாங்க. ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும். வாயில எதுவும் குடுக்காதீங்க" என்றார்.

சலீம் தம்பி ஆட்டோ கொண்டுவந்தார். கணவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தானும் வருவேன் என்றார். ஒரு நோயாளியே போதும், நீங்கள் வேறா என்றேன். கேட்கவில்லை, ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கிரிவலப் பாதையில் தடுப்புப் போட்டிருந்தார்கள். "வண்டி போகாதும்மா, சுத்திக்கிட்டுப் போங்க" என்றார் போலீஸ்காரர். சுற்றிப் போகிற வழியிலும் வண்டிகள் நகரவில்லை. கிளினிக் நடந்து போகிற தூரம்தான். ஆனால் அந்த நாயை என்னால் தனியாகத் தூக்க முடியாது, நடுரோட்டில் வண்டியை விட்டுவிட்டுச் சலீம் தம்பியும் வர முடியாது. போதாததற்கு ஜனம் முழுக்க எங்களுக்கு எதிர்த் திசையில் நடந்து வந்தது. ஜிம்மி கண்ணை மூடிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மலை மேல், ஜனம் மேல், மாம்பழத்தின் மேல்.

வழி கிடைக்குமா என்று நான் இறங்கி நின்றபோது பின்சீட்டில் குரல் கேட்டது. கணவர் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். முதலில் என்னிடம் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"ஆண்டவரே, என் காலை எடுத்தீங்க. ஏன்னு நான் கேக்கல. உங்ககூடப் பேசறதையே விட்டுட்டேன். இப்பக் கேக்கறேன். இதையும் எடுக்காதீங்க. எனக்குத் தாங்காது."

ஸ்தோத்திரம் இல்லை, வசனம் இல்லை. ஆமென்கூடச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்தது ஒன்றுதான். "கேட்டீங்க இல்ல, ஆண்டவரே?"

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். நெற்றி நிறைய விபூதி, காலில் செருப்பில்லை. "என்னம்மா நாயிக்கு?" என்று கேட்டார். சொன்னேன்.

அவர் பின்னால் திரும்பி, தன் வீட்டு ஆண்களைக் கூப்பிட்டார். "இங்க வாங்க. இதைத் தூக்கிட்டுப் போவணும்."

அந்த அம்மாவின் கணவராகத் தெரிந்தவர் தயங்கினார். "சுத்தி வர்றப்ப திரும்பி நடக்கக் கூடாதும்பாங்களே."

"அண்ணாமலையாரு கோவிச்சுக்க மாட்டாரு. தூக்குங்க."

அவர்கள் உட்காருவதற்காகக் கொண்டுவந்த பெட்ஷீட்டை விரித்து, ஜிம்மியை அதில் கிடத்தி, நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்தார்கள். அந்த அம்மா முன்னால் நடந்து, "வழி விடுங்க, உசுருக்குப் போராடுது" என்று சொல்லிக்கொண்டே போனார். ஜனம் விலகியது. இத்தனை வருஷம் பௌர்ணமி வந்தால் முணுமுணுக்கிறவள் நான். கர்த்தர் யாரை அனுப்ப வேண்டும் என்று என்னைக் கேட்டு அனுப்பவில்லை.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். "கொட்டை குடல்ல மாட்டியிருக்கு. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா குடல் அழுகியிருக்கும்" என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார். சலீம் தம்பி ஊரெல்லாம் சுற்றி, கணவரைக் கொண்டுவந்து சேர்த்தார். நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவர் என் கையைப் பிடித்தார். மாம்பழ வாசனை இன்னும் போகலையே என்று நினைத்துக்கொண்டேன், கையை எடுக்கவில்லை.

டாக்டரம்மா தட்டில் கொட்டையைக் கொண்டுவந்து காட்டினார். "பொழச்சுக்கிச்சு. மயக்கத்துல இருக்கறப்பவே அந்த உடைஞ்ச பல்லையும் எடுத்துட்டேன். அதுல சீழ் வெச்சிருந்தது" என்றார். கணவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு தொல்லை. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒன்றை மாட்டிவிட்டார்கள். அதோடு பீரோவில் இடிக்கும், என்னை இடிக்கும். கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கயிற்றைப் பிடித்து மெதுவாக வெளியே கூட்டிப்போக வேண்டும். நான் ஆபீஸ் போக வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் திரும்பி வருகிறேன், தெருமுனையில் ஒரு மனிதர் தடுமாறித் தடுமாறி நாயை நடத்திக்கொண்டு வருகிறார். செயற்கைக் காலை மாட்டிக்கொண்டிருந்தார். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சபைக்கும் வருகிறார். இதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். என்னை முறைக்கிறார்.

இந்தச் சின்னக் காரியத்துக்கெல்லாம் ஆண்டவரைத் தொந்தரவு செய்யலாமா என்று உங்களில் யாராவது நினைத்தால், செய்யுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால், இருக்கிற எரிச்சலோடு கேளுங்கள். அவர் அதையும் கேட்கிறார், நான் பார்த்தேன்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். அன்று நாயைச் சுமந்துவந்தவர்கள் டாக்டர் கதவைத் திறந்ததும் திரும்பி நடந்துவிட்டார்கள். விட்ட இடத்திலிருந்து மறுபடி சுற்ற வேண்டும் என்று அந்த அம்மா அவசரமாகப் போனார். பெயர் கேட்கவில்லை. அவர்களுடைய பெட்ஷீட்டைத் துவைத்து மடித்து இன்னும் வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஜெபிக்கும்போது அந்தக் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லாவிட்டாலும் ஆண்டவருக்குத் தெரியும்.