அம்மா கேட்ட வழி

கத்தாரிலிருந்து அண்ணன் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீர்த்தேக்கத்தில் இறங்கி ஏறுகிற சின்ன விமானம் ஒன்று வந்திருக்கிறதாம். சிவனொளிபாத மலையை மேலேயிருந்து சுற்றிக் காட்டுவார்களாம். அம்மாவும் நானும் போக வேண்டுமாம்.

"ஒனக்கு என்ன பைத்தியமா? மஸ்கெலியா பஸ்ல ஏறுனாலே அம்மாவுக்கு வாந்தி வரும்" என்றேன்.

"இத்தன காலம் கீழ நின்னே கும்பிட்டாங்க. ஒருக்கா மேலேர்ந்து பாக்கட்டுமே" என்றான்.

அம்மா மாட்டேன் என்பாள் என்று நினைத்துத்தான் விஷயத்தைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள். "அது நம்ம பழைய தோட்டத்துக்கு மேல போகுமா?" என்று மட்டும் கேட்டாள்.

பழைய தோட்டம் என்று அவள் சொன்னது மண்சரிவில் போன எங்கள் லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளை. விடாத மழை பெய்த ஒரு காலையில் மேலிருந்த மலை அப்படியே இறங்கி லயத்தை மூடிவிட்டது. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். நான் ஹட்டனில், வேலை பார்த்த துணிக்கடையில் இருந்தேன். தங்கச்சி காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். தோண்டித் தோண்டி எத்தனையோ பேரை எடுத்தார்கள், அவளை மட்டும் எடுக்க முடியவில்லை. பிறகு ஆபத்தான இடமென்று கயிறு கட்டி யாரையும் விடவில்லை. எங்களுக்கு வேறு தோட்டத்தில் வீடு கிடைத்தது. அம்மா பழைய இடத்தைப் பார்க்கப் போனாள், வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் முழங்காலும் போயிற்று.

"எம்புள்ள எங்க கெடக்குன்னு ஒருக்கா கண்ணால பாத்துட்டாப் போதும்" என்பாள். அதைப் பார்க்காமல் காரியம் செய்யவும் சம்மதிக்கவில்லை. "அங்க என்னம்மா இருக்கு, மண்ணுதான" என்று எரிந்து விழுவேன். அப்புறம் பின்கட்டுக்குப் போய் அழுவேன்.

நீர்த்தேக்கத்து ஓரத்தில் இருந்த டிக்கெட் பையன் இரண்டு படங்களைக் காட்டினான். ஒன்று சிவனொளிபாத மலைச் சுற்று, மற்றது நீர்வீழ்ச்சிகளின் பக்கம் போவது. எங்கள் பழைய தோட்டம் அந்த இரண்டாவது வழியில்தான் இருந்தது. அம்மா யோசிக்காமல் அதில் விரலை வைத்தாள்.

"எல்லாரும் மலைக்குத்தாங்க போவாங்க. இன்னைக்கு மேகமே இல்ல, அதிர்ஷ்டம்ங்க. நீர்வீழ்ச்சிய ரோட்டுல நின்னே பாக்கலாமே?"

"அவங்க கேட்டதக் குடுங்க. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கத்தினேன். பாவம், அந்தப் பையன் என்ன செய்வான்.

அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். விமானம் தண்ணீரை விட்டு எழும்பியதும் நான்தான் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் அசையவில்லை. விமானி சிங்களத்தில் ஏதோ சொல்லி, கீழே விழும் அருவியைக் காட்டினார். அம்மா அதைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பையைத் திறந்து, வாழையிலையில் சுற்றிய சாமந்திப் பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் ஓரத்தை விரலால் தடவினாள்.

"இது எப்பிடித் தொறக்கிறது?"

"தொறக்காதும்மா."

"பஸ்ஸுல தொறக்குமே?"

ஐயோ, இது பஸ்ஸா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன். தங்கச்சிக்கு மேலே போகும்போது பூவைப் போடலாம் என்று நம்பி வந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் தகரக் கூரை தெரிந்தது. அதற்கு நேர் மேலேதான் எங்கள் லயம் இருந்தது. நாங்கள் அங்கிருந்து கிளம்பிய நாளில் அந்தச் சரிவு முழுக்கச் சிவப்பாகக் கிழிந்து கிடந்தது. அம்மா மனதில் அந்தச் சிவப்பையே வைத்திருந்தாள் போல. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு தேடினாள்.

"எங்கடி? செவப்பா இருக்குமே?"

"அதாம்மா, ஸ்டோருக்கு மேல. புல்லு மொளைச்சிருச்சு."

"அதுக்குள்ளயா?" என்றாள்.

மானாப்புல்லும் இளம் மரங்களும் மண்டி, தேயிலை எது, சரிவு எது என்று பிரிக்க முடியாமல் கிடந்தது. இன்னொரு தரம் சுற்ற முடியுமா என்று விமானியிடம் கேட்டேன். காட்சி எங்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். சந்தோஷமாகத் திருப்பினார். அம்மா கடைசி வரை கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது விமானி அம்மாவுக்குக் கை கொடுத்தார். "கொஹொமத அம்மே, லஸ்ஸனத?" எப்படி அம்மா, அழகாக இருந்ததா என்று கேட்கிறார்.

"லஸ்ஸனய் மாத்தயா" என்றாள் அம்மா, கும்பிட்டு.

பஸ்ஸுக்கு நடக்கும்போது எனக்குக் கொதித்தது. "அழகா இருக்குன்னு அவருகிட்ட எப்பிடிம்மா சொன்னீங்க?"

"பொய்யா சொன்னேன்? அழகாத்தான இருக்கு" என்றாள். "எம்புள்ள மேல அவ்வளவு அழகா இருக்கே, அதத்தான்டி தாங்க முடியல."